றப்பர் போட் வாங்கப் போகிறீர்களா? விலையைக் கேட்குமுன் தண்ணீரைப் பாருங்கள்

காற்றடைத்த படகுக்கு எமது கடைத்தெருவில் 'றப்பர் போட்' என்று பெயர். சில வருடங்களாக இதைப் பற்றிய விசாரிப்பு கூடிக்கொண்டே வருகின்றது. வார இறுதியில் களப்பில் தூண்டில் போடப் போகிறவர்களும், கடற்கரையில் சிறிய விடுதி நடத்துகிறவர்களும், பைபர் படகு வாங்கும் அளவுக்கு முதல் இல்லாத இளைஞர்களும் கேட்கிறார்கள். மடித்துப் பையில் போட்டு வேனிலோ முச்சக்கர வண்டியிலோ கொண்டு போகலாம், நிறுத்தி வைக்க இடம் தேவையில்லை, விலையும் குறைவு என்பவைதான் அவர்கள் சொல்லும் காரணங்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் இந்த மூன்றும் படகைக் கரையில் வைத்துப் பார்க்கும்போது தெரியும் நன்மைகள். தண்ணீரில் இறங்கிய பிறகு பார்க்க வேண்டியவை வேறு.

கடற்றொழில் சாமான்கள் விற்கும் கடையொன்றை நான் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக நடத்தி வருகின்றேன். கயிறு, தூண்டில், நங்கூரம், உயிர்காப்பு அங்கி என்று தொடங்கிய வியாபாரத்தில் இப்படகுகளும் வந்து சேர்ந்தன. இதை வாங்கப் போகும் சகோதரர்களுக்கும், விற்பதற்காகக் கொள்வனவு செய்யப் போகும் வியாபாரிகளுக்கும் பயன்படும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். காற்றுப் படகை அதன் விலையைப் பார்த்துத் தெரிவு செய்யக் கூடாது. அது எந்தத் தண்ணீரில், எந்தக் காற்றில், எவ்வளவு பாரத்துடன் மிதக்கப் போகிறது என்பதைப் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும்.

யாருக்கு ஏற்றது, யாருக்கு ஏற்றதல்ல?

முதலில் உள்ளதைச் சொல்லி விடுகிறேன். தினமும் வலை போட்டுத் தொழில் செய்கிறவருக்கு இது ஏற்ற படகல்ல. எமது கரையோரங்களில் ஓடும் பைபர் படகு, வலையை இழுக்கும்போது விளிம்பில் ஏற்படும் உராய்வையும், மணலில் இழுத்து ஏற்றும் தேய்மானத்தையும் வருடக்கணக்கில் தாங்கும். காற்றுப் படகின் குழாய் தாங்காது. வலையின் ஈயக் குண்டும், நனைந்த கயிறும், வலையில் சிக்கி வரும் சிப்பியும் அதன் தோலை அரித்து விடும்.

காற்றுப் படகு பொருத்தமாவது தூண்டில் மீன்பிடிக்கும், அமைதியான களப்பு, குளம் போன்ற நீர்நிலைகளுக்கும், கரையைப் பார்த்துக் கொண்டே தொழில் செய்யும் தூரத்துக்குமே. இரண்டு பேர் போய் ஐந்தாறு மணித்தியாலம் இருந்துவிட்டுத் திரும்புவதற்கு அது நல்ல படகு. பக்கக் குழாய்கள் அகலமாகத் தண்ணீரில் படிந்திருப்பதால் சிறு தோணியைப் போல எளிதில் கவிழாது.

காற்றுப் படகு பலவீனமானது என்று இதற்கு அர்த்தமில்லை. 1952 இல் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் அலன் பொம்பார் ஐந்து மீற்றருக்கும் குறைந்த நீளமுள்ள காற்றுப் படகொன்றில் தனியாக அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தார். பிரித்தானியாவின் உயிர்காப்புப் படகு நிறுவனம் 1963 முதல் கரையோர மீட்புக்கு இத்தகைய படகுகளைப் பாவித்து வருகின்றது. ஆனால் அவை அந்த வேலைக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றின் பெயரைச் சொல்லிக்கொண்டு விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கிய படகுடன் கடலுக்குப் போக முடியாது.

விளையாட்டுப் பொருளா, படகா?

சந்தையில் உள்ளவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, நீச்சல் தடாகத்துக்கும் கடற்கரைக்கும் செய்யப்பட்ட மெல்லிய வினைல் படகு. இதன் தோலுக்குள் நூல் துணி இருக்காது, வெறும் பிளாஸ்டிக் தாள் மட்டுமே. மற்றையது, நெய்த துணியின் இரு பக்கமும் பூச்சுப் போட்டுச் செய்யப்பட்ட வேலைப் படகு. இதன் துணி பெரும்பாலும் 0.9 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் கூடிய தடிப்புடையது. பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. தோலை விரலால் அழுத்தி இழுத்துப் பாருங்கள். இழுக்க இழுக்க நீண்டு கொடுத்தால் அது முதலாவது வகை.

அடுத்து, படகின் பின் பலகையிலோ உட்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும் தகட்டைத் தேடுங்கள். எத்தனை பேர், எத்தனை கிலோ பாரம், எத்தனை குதிரைவலு எஞ்ஜின், எவ்வளவு காற்று என்ற விபரங்கள் அதில் இருக்க வேண்டும். காற்றுப் படகுகளுக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 6185 ஆகும். தகடு இல்லாத படகைத் தொழிலுக்கு வாங்காதீர்கள், விற்கவும் வேண்டாம்.

ஐரோப்பிய சந்தைக்குச் செய்யப்பட்ட படகாயின் ஏ, பீ, சீ, டீ என்று ஒரு தர எழுத்தும் இருக்கும். 'டீ' என்பது ஒதுக்கமான நீர்நிலைகளுக்கானது. சுமார் 30 சென்டிமீற்றர் உயர அலைக்கும், அவ்வப்போது வரும் அரை மீற்றர் அலைக்கும் மட்டுமே அது கணக்கிடப்பட்டது. 'சீ' என்பது கரையோர நீருக்கும் 2 மீற்றர் வரையான அலைக்குமானது. சிறிய காற்றுப் படகுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள் அடங்கும். 'டீ' எழுத்துள்ள படகைக் களப்பில் பாவிக்கலாம். அதை வெளிக் கடலுக்குக் கொண்டு போவது, சைக்கிளில் நெல் மூட்டை பத்து ஏற்றுவது போன்றது.

துணியும் பணக் கணக்கும்

வேலைப் படகுகளில் இரண்டு வகைத் துணி உண்டு. பீ.வீ.சீ. விலை குறைந்தது. மூட்டுகளைச் சூடாக்கி ஒட்டலாம், நல்ல மூட்டுப் பலமும் கிடைக்கும். ஆனால் வெயிலும் பெற்றோலும் அதற்கு எதிரிகள். நாளடைவில் தோல் விறைத்து வெடிக்கும் அல்லது பிசுபிசுக்கும். மற்றையது ஹைபலோன் எனப்படும் செயற்கை றப்பர். வெயிலையும் எண்ணெயையும் நன்றாகத் தாங்கும். மூட்டுகள் பசையால் கையால் ஒட்டப்படுவதால் விலை கூடியது. இந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான டூபொன்ட் நிறுவனம் 2010 இல் அதன் உற்பத்தியை நிறுத்தி விட்டது. இப்போது அதே இனத்து றப்பரை வேறு நிறுவனங்கள் செய்கின்றன. எனவே புதிய படகில் 'ஹைபலோன்' என்று எழுதியிருந்தால், துணியைச் செய்தது யார் என்று விநியோகஸ்தரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் விலை பேசிப் பயனில்லை.

இதில் எது இலாபம்? ஒரு கணக்குப் பார்ப்போம். இவை சந்தை விலைகள் அல்ல, விளங்கிக் கொள்வதற்கான இலக்கங்கள் மட்டுமே. ஒரு படகு ஒன்றரை இலட்சம் ரூபா, வெயிலில் கிடந்து தொடர்ந்து உழைத்து இரண்டு வருடம் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 75,000 ரூபா. இன்னொன்று நான்கு இலட்சம் ரூபா, எட்டு வருடம் தாங்குகிறது. வருடத்துக்கு 50,000 ரூபா. விலை கூடிய படகே மலிவானது.

ஆனால் வருடத்தில் பத்து நாள் மட்டும் போய்வந்து, கழுவித் துடைத்து நிழலில் வைக்கிறவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவருடைய பீ.வீ.சீ. படகும் பல வருடம் தாங்கும். அவர் மேலதிகமாக இரண்டரை இலட்சத்தைப் படகில் முடக்குவது வீண். ஆகவே படகின் ஆயுளைத் தீர்மானிப்பது துணி மட்டுமல்ல, பாவனையும்தான். வாடகைக்கு விடப் போகிறவர், விடுதி நடத்துகிறவர் ஆகியோர் முதலாவது கணக்கைப் பார்க்க வேண்டும். பொழுதுபோக்குக்காகப் போகிறவர் இரண்டாவதைப் பார்க்கலாம்.

அறைகளும் தரையும்

காற்றுப் படகின் உயிர் அதன் காற்றறைகளில் இருக்கிறது. ஒரே அறையுள்ள படகில் ஒரு தூண்டில் முள் குத்தினால் படகு முழுவதும் போய்விடும். தொழிலுக்குப் போகும் படகில் பக்கக் குழாய்கள் குறைந்தது மூன்று அறைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பது நல்லது. ஓர் அறை போனாலும் மற்றவை தாங்கும். வாங்கும்போது ஓர் அறையின் வால்வைத் திறந்து விட்டு, மற்ற அறைகள் இறுக்கமாக நிற்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் வேறு கடையைப் பார்க்கலாம்.

தரையிலும் பல வகை உண்டு. பலகைச் சட்டங்கள் வைத்த தரை மலிவு, ஆனால் நின்று தூண்டில் போட வசதியில்லை. மடக்கும் பலகை அல்லது அலுமினியத் தரை உறுதியானது, பாரம் கூடியது. உயர் அழுத்தக் காற்றுத் தரை இலகுவானது, காலுக்கும் நல்லது. ஆனால் கத்தியோ தூண்டிலோ விழுந்தால் ஆபத்து, அதன் மேல் ஒரு தடித்த விரிப்புப் போட வேண்டும். அடிப்பாகம் பைபரால் ஆன வகையும் உண்டு. அது கடலுக்கு மிகவும் சிறந்தது, ஆனால் மடித்துப் பையில் போட முடியாது. அதற்கு இழுவை வண்டி தேவைப்படும்.

பாரத்தை இப்படிக் கணக்கிடுங்கள்

'மூன்று பேர்' என்று தகட்டில் இருந்தால் மூன்று பேர் போகலாம் என்று நினைப்பது வழக்கம். மீன்பிடிக்கப் போகிறவர் வெறுங்கையுடன் போவதில்லை. இரண்டு பேரின் பாரம் 150 கிலோ. ஐந்து, ஆறு குதிரைவலு எஞ்ஜின் சுமார் 27 கிலோ. பன்னிரண்டு லீற்றர் பெற்றோலும் தாங்கியும் 12 கிலோ. ஐஸும் மீனும் நிறைந்த பெட்டி 30 கிலோ. நங்கூரம், கயிறு, துடுப்பு, பம்ப் 15 கிலோ. குடிதண்ணீர், சாப்பாடு, தூண்டில் சாமான்கள் 16 கிலோ. மொத்தம் 250 கிலோ. இதில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

தகட்டில் உள்ள பாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் கணக்கு. அப்படியானால் இந்த இரண்டு பேருக்கும் 375 கிலோ தாங்கும் படகு தேவை. மீதி மூன்றில் ஒரு பங்கு அலைக்கும், உள்ளே புகும் தண்ணீருக்கும், ஓர் அறை போனால் மிச்சமிருக்க வேண்டிய மிதப்புக்கும் உரியது.

எஞ்ஜின் விடயம்

எமது மீனவர்கள் பலரிடம் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்ஜின்கள் உள்ளன. இருக்கிற எஞ்ஜினையே காற்றுப் படகிலும் பூட்டலாமே என்று கேட்கிறார்கள். 15 குதிரைவலு எஞ்ஜின் 35 கிலோவுக்கும் கூடியது. மூன்று மீற்றர் படகின் பின்பக்கத்தில் அதைத் தொங்க விட்டு ஒருவர் அருகில் அமர்ந்தால் முன்பக்கம் தூக்கும். எதிர்க்காற்று அந்த முன்பக்கத்துக்கு அடியில் புகுந்தால் படகு பின்னோக்கிப் புரளும். தகட்டில் உள்ள குதிரைவலுவை ஒருபோதும் மீறக் கூடாது.

எஞ்ஜின் தண்டின் நீளமும் முக்கியம். சிறிய காற்றுப் படகுகளின் பின் பலகை பெரும்பாலும் 15 அங்குலத் தண்டுக்கே பொருத்தமானது. 20 அங்குலத் தண்டைப் பூட்டினால் ஆழம் குறைந்த களப்பில் சேற்றைத் தோண்டிக் கொண்டு போகும்.

எஞ்ஜினை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிற்றைப் பலர் கழற்றி வைத்து விடுகிறார்கள். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்ஜினை நிறுத்துவது அந்தக் கயிறுதான். அதைக் கட்டாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி வந்து விழுந்தவரையே அதன் விசிறியால் வெட்டும். கயிற்றைக் காலிலோ கையிலோ கட்டிக் கொள்வதற்கு ஒரு சதமும் செலவில்லை.

குளங்களில் மின் மோட்டார் பாவிப்பது அமைதியானது. ஆனால் 100 அம்பியர்-மணி ஈய பற்றரி ஒன்று 25 முதல் 30 கிலோ வரை வரும். அதையும் பாரக் கணக்கில் சேருங்கள்.

டயர் கடையில் காற்றடிக்காதீர்கள்

சாதாரண வேலைப் படகின் பக்கக் குழாய்க்குத் தேவையான அழுத்தம் சுமார் 0.25 பார், அதாவது எமது பேச்சில் மூன்றரை இறாத்தல். வாகன டயருக்கோ 30 இறாத்தல். டயர் கடையின் கொம்பிரசரைப் பிடித்தால் ஒரு சில விநாடி கவனம் தவறினாலே மூட்டு பிரிந்து விடும். அளவுகாட்டியுடன் கூடிய கால் பம்ப் அல்லது அதற்கென்றுள்ள மின் பம்ப் பாவியுங்கள். எல்லா அறைகளையும் முதலில் பாதியளவு நிரப்பி, பிறகு ஒவ்வொன்றாக முழுமையாக்க வேண்டும். ஓர் அறையை மட்டும் இறுக்கமாக நிரப்பினால் அறைகளுக்கிடையிலான தடுப்பு ஒரு பக்கமாக இழுபட்டுப் பலவீனமாகும்.

அடுத்து வெயில். காலையில் 27 பாகை வெப்பத்தில் மூன்றரை இறாத்தல் நிரப்பிய படகை மத்தியானம் சுடு மணலில் போட்டு விட்டு, உள்ளிருக்கும் காற்று 57 பாகைக்கு ஏறினால், அழுத்தம் ஏறத்தாழ ஐந்தரை இறாத்தலாகும். குழாய் சற்று விரிந்து கொடுப்பதால் கொஞ்சம் குறையலாம். என்றாலும் ஒன்றரை மடங்கை நெருங்கும் உயர்வு இது. கரையில் நின்ற படகு மூட்டு பிரிந்து போனது என்று திருப்பிக் கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எங்கே வைத்திருந்தீர்கள் என்பதுதான். கரைக்கு வந்ததும் ஒவ்வோர் அறையிலும் கொஞ்சம் காற்றை இறக்கி நிழலில் வையுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. வெயிலில் நிரப்பிய படகு தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து குழாய் தளரும். எனவே தண்ணீரில் இறக்கிப் பத்து நிமிடம் விட்டு, மீண்டும் அளந்து, குறைவை நிரப்பிய பின்னரே புறப்பட வேண்டும். தளர்ந்த படகு நடுவில் மடிந்து கொடுக்கும், எஞ்ஜின் தள்ளினாலும் திசை பிடிக்காது.

கரையிலிருந்து வீசும் காற்றே ஆபத்தானது

இக்கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் ஞாபகத்தில் வைப்பதானால் இதை வையுங்கள். காற்றுப் படகு தண்ணீருக்குள் ஆழமாக இறங்குவதில்லை, தண்ணீருக்கு மேல்தான் அதன் உடம்பு முழுவதும் இருக்கிறது. ஆகவே காற்று அதைக் காய்ந்த இலையைப் போலத் தள்ளிக் கொண்டு போகும். எஞ்ஜின் நின்று விட்டால், கொஞ்சம் பலமான காற்றை எதிர்த்து இரண்டு துடுப்பால் வலிப்பது இயலாத காரியம்.

கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று அலையை எழுப்பும், பார்த்தவுடன் பயம் வரும், யாரும் இறங்க மாட்டார்கள். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் கரையோரத் தண்ணீர் தட்டுப் போலக் கிடக்கும். அந்த அமைதியை நம்பித்தான் ஆட்கள் இறங்குகிறார்கள். கரையை விட்டுத் தூரம் போகப் போகக் காற்றும் அலையும் கூடும். திரும்பும்போது காற்று முகத்துக்கு நேரே இருக்கும்.

கிழக்குக் கரையில் இதற்குப் பெயர் கச்சான். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வரண்டு சூடாகி இறங்கி, ஜூன், ஜூலை மாதங்களில் மட்டக்களப்புப் பக்கம் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. வெப்பம் 38 பாகையை நெருங்கும் நாட்களும் உண்டு. வழமையான பகல் கடற்காற்றையே அது வென்று விடும். 'கடல் அமைதியாக இருக்கிறது' என்று மேற்குக் கரைக்காரர் கிழக்குக்குக் குடும்பத்துடன் போகும் காலமும் அதுதான். அந்த மாதங்களில் காற்றுப் படகுடன் கிழக்குக் கடலில் இறங்குகிறவர், கரையில் நிற்கும் தென்னை ஓலை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்கட்டும். ஓலை கடலைக் காட்டினால் வாவிக்குள்ளேயே தூண்டில் போடலாம்.

மேற்குக் கரையில் மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று அதே வேலையைச் செய்யும். கற்பிட்டிக்குப் பட்டம் பிடித்து அலையில் சறுக்கும் விளையாட்டுக்காக வெளிநாட்டவர்கள் வருவது அங்கே காற்றுப் பலமாகவும் தொடர்ச்சியாகவும் வீசுவதால்தான். அவர்களை அழைத்து வரும் அதே காற்றுத்தான் எமது படகை இழுத்துக் கொண்டு போவதும். புத்தளம் களப்பு ஆழம் குறைந்தது என்பதால் பயமில்லை என்று சொல்வார்கள். ஆழம் குறைந்த, விரிந்த தண்ணீரில்தான் காற்றுக்குக் குறுகிய, செங்குத்தான அலை எழும். மட்டக்களப்பு வாவியோ 50 கிலோமீற்றருக்கும் கூடிய நீளமானது. நீளவாக்கில் காற்று வீசினால் மறுமுனையில் அலை நன்றாகவே எழும்பும்.

களப்பு கடலுடன் சேரும் முகத்துவாரத்தை விட்டுத் தள்ளியே இருங்கள். வெளியேறும் நீரோட்டமும் உள்ளே வரும் அலையும் மோதும் இடம் அது. பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் பின்னேரங்களில் இடி மின்னல் வரும். மேகம் கறுக்கத் தொடங்கும்போதே கரையேற வேண்டும், மழை விழுந்த பிறகல்ல. புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் வானிலை அறிவித்தலைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

முள், கத்தி, நங்கூரம்

மீன்பிடிப் படகில் கூர்மையான சாமான் இல்லாமல் இருக்க முடியாது. எனவே அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும். தூண்டில்களை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். கத்திக்கு உறை கட்டாயம். நான்கு கொக்கியுள்ள மடக்கு நங்கூரத்தை மடித்து, சாக்குத் துணிப் பையில் போட்டே படகில் ஏற்ற வேண்டும். ஓரா, கெளிறு, திருக்கை ஆகியவற்றின் முள் மனிதனையும் குத்தும், படகையும் குத்தும். பிடித்த மீனை மடியிலோ தரையிலோ போடாமல் நேராக விறைப்பான பெட்டிக்குள் போடுங்கள். தூண்டிலைக் கழற்றுவதையும் பெட்டிக்குள்ளேயே செய்யலாம்.

களப்பில் சிப்பி ஒட்டிய கம்புகளும் கண்டல் வேர்களும், கடலோரத்தில் முருகைக் கற்களும், குளங்களில் தண்ணீருக்குள் மூழ்கி நிற்கும் பட்ட மரக் கட்டைகளும் காற்றுப் படகின் எதிரிகள். நீர்மட்டம் இறங்கிய காலத்தில் குளத்தின் ஓரங்களை ஒருமுறை நடந்து பார்த்து வைத்தவருக்கு, மழைக்குப் பிறகு கட்டைகள் எங்கே இருக்கின்றன என்பது தெரிந்திருக்கும். முதலை நடமாடும் இடங்களில் மெல்லிய படகில் ஒதுங்கி நிற்பது புத்தியல்ல. அவ்விடத்து மீனவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஓட்டை விழுந்தால் சைக்கிள் டியூப் ஒட்டும் பசை உதவாது. பீ.வீ.சீ.க்கு அதற்குரிய பசையும், ஹைபலோனுக்கு இரண்டு பகுதிகளைக் கலக்கும் பசையும் வேறு வேறாக உண்டு. ஒட்டை எங்கே என்று தெரியாவிட்டால் சவர்க்காரத் தண்ணீரைப் பூசுங்கள், குமிழி காட்டிக் கொடுக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் உப்பையும் மணலையும் கழுவி, நிழலில் நன்கு காய்ந்த பிறகே மடிக்க வேண்டும். எலி நுழையாத இடத்தில் வையுங்கள். எலி கடித்த படகுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

கூடவே இருக்க வேண்டியவை

ஆளுக்கொரு நுரை உயிர்காப்பு அங்கி. அதைப் படகில் வைத்திருப்பது போதாது, உடுத்தியிருக்க வேண்டும். இரண்டு துடுப்பு, பம்ப், ஒட்டுச் சாமான், தண்ணீர் அள்ளும் வாளி, விசில், டோர்ச் வெளிச்சம், குடிதண்ணீர், நீர் புகாத பையில் கைத்தொலைபேசி. நங்கூரக் கயிறு நிற்கும் இடத்தின் ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது இருக்கட்டும். எஞ்ஜின் நின்றால் காற்று இழுத்துப் போகாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். பெற்றோலில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு இருப்புக்கு. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லி வைப்பதும் இந்தப் பட்டியலில் சேரும்.

சட்டத்தையும் பாருங்கள்

1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் மீன்பிடிப் படகுகளுக்குப் பதிவும், விதிக்கப்பட்ட தொழில்களுக்கு அனுமதிப்பத்திரமும் தேவை. காற்றடைத்தது என்பதால் தப்பி விடலாம் என்று எண்ணாமல், வாங்குமுன்னரே உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். தேசியப் பூங்காக்களுக்குள் இருக்கும் குளங்களில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றிப் படகு இறக்க முடியாது. கல்லோயா தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சேனநாயக்க சமுத்திரம் இதற்கு ஓர் உதாரணம்.

இறக்குமதி செய்ய நினைப்பவர்கள் பணம் அனுப்புமுன் சுங்க முகவரிடம் பொருளின் வகைப்படுத்தலையும், வரியையும், தேவையான அனுமதிகளையும் எழுத்தில் பெற்றுக் கொள்ள வேண்டும். பொழுதுபோக்குப் படகுகளும் மீன்பிடிப் படகுகளும் சுங்கத் தலைப்பில் வெவ்வேறானவை. பட்டியலில் ஒரு பெயரும் பெட்டியில் ஒரு பெயருமாக இருந்தால் சாமான் துறைமுகத்தில் நிற்கும், தாமதக் கட்டணம் இலாபத்தைச் சாப்பிட்டு விடும்.

விற்கும் சகோதரர்களுக்கு

ஒருநாள் இரண்டு இளைஞர்கள் கடைக்கு வந்தார்கள்.

"நானா, ஆகக் கொறஞ்ச வெலைல றப்பர் போட் ஒண்டு ஈக்கிதா?"

"எங்க தம்பி இறக்கப் போறீங்க?"

"களப்புலதான். மீன் படாட்டி வெளிக் கடலுக்கும் போவம்."

"எத்தன பேர்?"

"நாலு பேர். எஞ்ஜின் ஈக்கி, பதினஞ்சு குதிரைவலு."

அவர்கள் கையில் வைத்திருந்த பணத்துக்கு ஒரு படகு கடையில் இருந்தது. அன்றைய பொழுதுக்கு நல்ல விற்பனை. ஆனால் நான்கு பேர், 15 குதிரைவலு, வெளிக் கடல் என்ற மூன்றில் ஒன்றைக்கூட அந்தப் படகின் தகடு அனுமதிக்கவில்லை. தகட்டை வாசித்துக் காட்டி, இரண்டு பேர், சிறிய எஞ்ஜின், களப்பு மட்டும் என்றால் தருகிறேன் என்றேன். முகம் சுளித்துப் போனார்கள். இரண்டு வாரம் கழித்து ஒருவர் மட்டும் வந்து இரண்டு உயிர்காப்பு அங்கியும் ஒரு சோடித் துடுப்பும் வாங்கினார். பழைய தோணியொன்றைத் திருத்தியிருப்பதாகச் சொன்னார். எனக்கு அதிலே கிடைத்த இலாபம் கொஞ்சம்தான். அந்த வியாபாரத்தில் எனக்குத் திருப்தி இருந்தது.

படகு விற்பது சேலை விற்பது போன்றதல்ல. சேலையில் நூல் பிரிந்தால் வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை பிடிப்பார். படகில் மூட்டுப் பிரிந்தால் திரும்பி வருவாரா என்பதே கேள்வி. பொருளின் குறையைச் சொல்லி விற்பது எமக்குக் கற்றுத் தரப்பட்ட வியாபார முறை. இந்தப் பொருளில் அது இன்னும் அவசியமாகிறது. எனவே பற்றுச்சீட்டிலேயே நான்கு விடயங்களை எழுதிக் கொடுக்கும்படி வேண்டிக் கொள்கின்றேன். எத்தனை கிலோ, எத்தனை குதிரைவலு, எவ்வளவு காற்று, எந்த நீர்நிலைக்கு. வாங்கியவரின் கையொப்பத்தையும் எடுத்துக் கொள்ளுங்கள். நாளை ஒரு பிரச்சினை வந்தால் அது உங்களுக்கும் பாதுகாப்பு.

வியாபாரக் கண்ணாலும் பார்ப்போம். படகை விற்பதில் கிடைக்கும் இலாபம் ஒருமுறை மட்டுமே. பசை, வால்வு, பம்ப், அளவுகாட்டி, அங்கி, துடுப்பு ஆகியவை திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சாமான்கள். இவற்றைக் கையிருப்பில் வைத்திருக்காத கடை ஒரு படகை விற்று ஒரு வாடிக்கையாளரை இழக்கிறது. வாடகைக்கு விடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் படகைக் கொடுக்குமுன் அழுத்தத்தை அளந்து கொப்பியில் குறித்து வைக்க வேண்டும். பலமான காற்றுள்ள நாளில் வாடகைப் பணத்தை வேண்டாம் என்று சொல்லும் துணிவும் அவர்களுக்கு வேண்டும்.

நல்ல காற்றுப் படகு பணத்துக்குப் பெறுமதியான பொருள். அதன் அளவைத் தெரிந்து, அதற்குரிய தண்ணீரில், அதற்குரிய பாரத்துடன் பாவித்தால் பல வருடம் உழைக்கும். ஆகவே அடுத்த முறை யாராவது உங்கள் கடையில் வந்து "எவ்வளவு?" என்று கேட்டால், விலையைச் சொல்லுமுன் "எங்கே இறக்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். வாங்கப் போகிறவராக இருந்தால், இந்தக் கேள்வியைக் கேட்காத கடையில் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.